கணக்கு நேரானால் போதுமா?

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு கேள்வி நிற்கிறது. எந்தக் கோப்புறையிலும் சேராமல் ஒரு கோப்பு கிடக்கிறது, 'லாஸ்ட்+ஃபவுண்ட்' கோப்புறையில் போடட்டுமா? 'ஒய்' அடித்தால் அடுத்த கேள்வி வருகிறது. இந்தக் கோப்பின் அளவு கணக்கோடு ஒத்துவரவில்லை, திருத்தட்டுமா? ஒய். இந்தப் பதிவு முழுக்கக் குப்பை, துடைத்துவிடட்டுமா? பத்துக் கேள்விக்குள் பொறுமை போய்விடும். ஒய் விசையில் வைத்த விரலை எடுக்காமல் அழுத்திப் பிடிப்பவர்கள்தான் நம்மில் அதிகம். இன்னும் சிலர் 'எல்லாவற்றுக்கும் ஆமாம்' என்று முதலிலேயே சொல்லி ஓட்டிவிடுவார்கள். கணினி பழையபடி எழுந்துவிடும். எதற்காக அவ்வளவு பாடுபட்டோமோ அந்தக் கல்யாணப் படங்கள் மட்டும் இருக்காது.

லினக்ஸ் கணினிகளில் இந்தக் கேள்விகளைக் கேட்பது எஃப்எஸ்சிகே என்ற நிரல். கெட்டுப்போன கோப்பு முறைமையைச் சரிசெய்வது அதன் வேலை. அந்த வேலையை அது ஒழுங்காகவே செய்கிறது. ஆனால் அது சரிசெய்வது கோப்பு முறைமையை, நம் கோப்புகளை அல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் ஒய் அடிப்பதால் போகும் கோப்புகள், புயலிலும் மின்வெட்டிலும் போவதைவிடக் குறைவாக இருக்காது என்பது என் எண்ணம்.

புயலையும் மின்வெட்டையும் சொல்லக் காரணம் இருக்கிறது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன் 2016-இல் வர்தா, பின் 2023-இல் மிக்ஜாம். கோவளம் முதல் கல்பாக்கம் வரையுள்ள இந்தக் கரைக்கு வடகிழக்குப் பருவமழை என்றால் புயல் எச்சரிக்கையும் சேர்ந்தே வரும். காற்று வலுத்தால் மின்கம்பி அறுந்து உயிர் போகக் கூடாது என்பதற்காக மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்துவார்கள். அது நியாயம். திரும்ப வரும்போதுதான் சிக்கல். கரண்ட் வரும், போகும், மறுபடி வரும். ஸ்டுடியோக்களின் கணினிகள், சிற்பக் கூடங்களில் வரைபடம் வைத்திருக்கும் பழைய பெட்டிகள், இ-சேவை மையங்கள் என எல்லாமே அந்தச் சில நிமிடங்களில் எழுந்து, விழுந்து, மறுபடி எழுகின்றன. யூபிஎஸ் இருந்தாலும் பேட்டரி வயதானதாக இருக்கும்.

இந்தப் பகுதி வீடுகள் பலவற்றில் மீட்புக் கருவியும் இருக்கிறது, பலருக்குத் தெரியாமலேயே. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகளில் விண்டோசோடு 'பாஸ்' லினக்சும் வந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், டெபியன் லினக்சை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. பரணில் கிடக்கும் அந்த மடிக்கணினி இன்றும் எழுந்தால், இந்தக் கட்டுரையில் வரும் கருவிகள் பெரும்பாலும் அதிலேயே இருக்கும், அல்லது ஒரு பென் டிரைவிலிருந்து ஓட்டலாம். காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றுமில்லை.

ஹார்ட் டிஸ்க்கில் கோப்பு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம். டிஸ்க் முழுவதும் 4096 பைட் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 8 எம்பி படம் ஒன்றுக்கு 2048 கட்டங்கள் வேண்டும். எந்தெந்தக் கட்டம் யாருடையது என்பதற்குப் பதிவேடுகள் உண்டு. செங்கல்பட்டுக்காரர்களுக்கு இதை விளக்க நிலக் கணக்கைவிடப் பொருத்தமானது இல்லை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2000 கிராமங்களை அளந்தார். கிராமக் கணக்கர்கள் ஓலையில் வைத்திருந்த விவரங்களும் அந்த அளவைக்குப் பயன்பட்டன. இன்றைய கிராமக் கணக்கிலும் ஒரே செய்தி இரண்டு பக்கத்திலிருந்து எழுதப்படுகிறது. 'அ' பதிவேடு புல எண் வாரியாக, இந்த நிலம் யாருடையது, அல்லது புறம்போக்கா என்று சொல்லும். சிட்டா ஆள் வாரியாக, இவருக்கு எந்தெந்தப் புல எண்ணில் நிலம் இருக்கிறது என்று சொல்லும்.

கோப்பு முறைமையும் இதே இரட்டைக் கணக்குதான். ஐனோடு என்பது கோப்பின் சிட்டா. அளவு, தேதி, உரிமை, எந்தக் கட்டத்திலிருந்து எத்தனை கட்டங்கள் என எல்லாம் அதில் இருக்கும். கோப்பின் பெயர் மட்டும் இருக்காது. பெயர் கோப்புறையில் இருக்கிறது, 'இந்தப் பெயருக்கு இந்த எண் ஐனோடு' என்று ஒரே வரியாக. எந்தக் கட்டம் காலி, எது நிரம்பியது என்பதைத் தனியாக ஒரு பதிவேடு கட்டத்துக்கு ஒரு பிட் வீதம் குறித்து வைத்திருக்கும். இதற்கெல்லாம் தலைப்பக்கமாக இருப்பது சூப்பர்பிளாக். மொத்தம் எத்தனை கட்டம், எத்தனை ஐனோடு, கட்டத்தின் அளவு என்ன என்பதெல்லாம் அதில். லினக்சின் ஈஎக்ஸ்டி வகைக் கோப்பு முறைமைகளில் அது டிஸ்க் பகிர்வின் (பார்ட்டிஷன்) தொடக்கத்திலிருந்து 1024 பைட் தள்ளி இருக்கும்.

ஒரே ஒரு படத்தைச் சேமித்தாலும் இத்தனை இடத்திலும் எழுத வேண்டும். படத்தின் கட்டங்கள், ஐனோடு, காலிப் பதிவேடு, கோப்புறை, தலைப்பக்கத்தின் கூட்டுத்தொகை. எல்லாவற்றையும் ஒரே நொடியில் எழுத டிஸ்க்கால் முடியாது, வசதிப்பட்ட வரிசையில் எழுதும். நடுவில் கரண்ட் போனால் எது எழுதப்பட்டது, எது விட்டுப்போனது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். காலிப் பதிவேட்டில் 'நிரம்பியது' என்று குறித்துவிட்டு ஐனோடு எழுதும் முன் நின்றால் கொஞ்சம் இடம் வீணாகும், அவ்வளவுதான். ஐனோடு எழுதப்பட்டு, காலிப் பதிவேடு எழுதப்படாமல் போனால் நிலைமை மோசம். அந்தக் கட்டங்கள் காலி என்று நம்பி அடுத்து வரும் கோப்புக்கும் கொடுக்கப்படும். ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா.

இதைத் தடுக்கத்தான் ஜர்னல் வந்தது. பதிவேடுகளில் கைவைக்கும் முன், செய்யப்போகும் மாற்றத்தை ஒரு தனிக் குறிப்பேட்டில் எழுதி முடித்துவிடுவார்கள். நடுவில் நின்றுபோனால் அடுத்த முறை குறிப்பேட்டைப் பார்த்துப் பாக்கி வேலையை முடிக்கலாம். ரெமி கார்ட் 1993-இல் கொண்டுவந்த ஈஎக்ஸ்டி2-இல் இது கிடையாது. ஸ்டீஃபன் ட்வீடி இதைச் சேர்த்து உருவாக்கிய ஈஎக்ஸ்டி3, 2001-இல் லினக்சின் கருவுக்குள் வந்தது. 2008 டிசம்பரில் ஈஎக்ஸ்டி4 முழுமையாகத் தயாரானது. ஆனால் வழக்கமான அமைப்பில் ஜர்னல் காப்பது பதிவேடுகளைத்தான், கோப்பின் உள்ளடக்கத்தை அல்ல. ஈஎக்ஸ்டி4 வேகத்துக்காக, கட்டங்களை ஒதுக்குவதையே கடைசிவரை தள்ளிப்போடும். 2009-இல் கணினி திடீரென நின்று எழுந்தபோது பலருடைய கோப்புகள் பெயரோடு, பூஜ்ஜியம் பைட்டாகக் கிடந்தன. பெரிய சர்ச்சைக்குப் பிறகு, இந்தக் கோப்பு முறைமையின் முதன்மை உருவாக்குநரான தியோடர் சோ, அந்தச் சூழ்நிலைகளில் உடனே ஒதுக்கும்படி மாற்றினார். பென் டிரைவ்களிலும் கேமரா கார்டுகளிலும் இருக்கும் ஃபேட் வகைகளில் இன்றும் ஜர்னலே இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அவை அவ்வளவு எளிதில் கெடுவதற்குக் காரணம் அதுதான்.

இனி எஃப்எஸ்சிகே. பெல் ஆய்வகத்தின் தொடக்ககால யூனிக்சில் ஐசெக், டிசெக், என்செக் என்று தனித்தனி நிரல்கள் இருந்தன. குறைகளை அவை காட்டும், திருத்துவது பெரும்பாலும் ஆளின் வேலை. டெட் கோவால்ஸ்கி அங்கே எஃப்எஸ்சிகேவை எழுதினார். பிறகு பெர்க்லி யூனிக்சுக்காக அதை வளர்த்தவர் மார்ஷல் கிர்க் மெக்குசிக். லினக்சின் ஈஎக்ஸ்டி வகைகளுக்கான பதிப்பு ஐந்து சுற்றுகளாக ஓடும். முதலில் ஒவ்வொரு ஐனோடும் அது சொல்லும் கட்டங்களும். இரண்டாவது கோப்புறைகளின் உள்ளமைப்பு. மூன்றாவது, ஒவ்வொரு கோப்புறைக்கும் மேலே போக வழி இருக்கிறதா என்பது. நான்காவது, ஒரு கோப்பைச் சுட்டும் பெயர்களின் எண்ணிக்கை. கடைசியில் காலிப் பதிவேடும் கூட்டுத்தொகையும்.

பசலி ஆண்டு முடிகிற மே, ஜூன் வாக்கில் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்குமே, அதைப் பார்த்தவர்களுக்கு இது புரிந்துவிடும். கிராமக் கணக்குகளை மேசையில் பரப்பி, ஒன்றோடொன்று ஒத்துவருகிறதா என்று தணிக்கை செய்கிறார்கள். எஃப்எஸ்சிகே செய்வது அதுதான். கணக்கோடு கணக்கு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எந்தப் பக்கத்தைத் திருத்தினால் பொருந்தும் என்று பார்க்கும். நிலத்தில் என்ன விளைந்திருக்கிறது என்று அது எட்டிப்பார்ப்பதே இல்லை.

ஒரே கட்டத்துக்கு இரண்டு கோப்புகள் உரிமை கோரினால் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அந்தக் கட்டத்தை நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிடும். கணக்கு சுத்தம். ஆனால் அந்தக் கட்டத்தில் இருந்தது ஒருவருடைய எழுத்துதான். இன்னொருவருக்குப் போனது அந்நியச் சரக்கு. எந்தக் கோப்பு கெட்டது என்று அது சொல்லாது, சொல்ல அதற்கு வழியும் இல்லை. ஐனோடில் பொருந்தாத எண்கள் நிறைய இருந்தால் துடைத்துவிடலாமா என்று கேட்கும். சம்மதித்தால் படத்தின் 2048 கட்டங்கள் எங்கே இருந்தன என்ற ஒரே குறிப்பும் அழிந்துவிடும். படம் டிஸ்க்கில் அப்படியே இருக்கும், போய்ச்சேர வழி இருக்காது. கோப்புறை அழிந்து ஐனோடு மட்டும் மிஞ்சியவற்றுக்கு லாஸ்ட்+ஃபவுண்டில் இடம் கிடைக்கும். பெயர் இல்லாததால் ஐனோடு எண்ணே பெயராகிவிடும். கோப்பு முறைமையை உருவாக்கும்போதே இந்தக் கோப்புறைக்கு இடம் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். கெட்ட நேரத்தில் புதுக் கட்டம் தேடி எழுதுவது இன்னும் கெடுக்கும் என்ற முன்யோசனை அது. விண்டோசில் செக்டிஸ்க் ஓட்டியவர்கள் பார்த்திருக்கும் 'ஃபவுண்ட்.000' கோப்புறைக்கும் இதே பிறப்புதான்.

ஆகவே எஃப்எஸ்சிகேவை ஓட்டவே கூடாதா என்றால், ஓட்டலாம். அசலின் மேல் ஓட்டக் கூடாது. அதற்கும் முன்னால், டிஸ்க் உடம்பாலேயே நோயாளியா என்று பார்க்க வேண்டும். கடற்கரையில் இது முக்கியம். உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் அரித்துப்போகும். கம்பி மட்டும் கெட்டிருக்க, டிஸ்க்கையே கைகழுவியவர்கள் உண்டு. ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும். 'ஸ்மார்ட்' என்ற அந்தப் பட்டியலை ஸ்மார்ட்சிடிஎல் நிரல் காட்டும். அதில் மூன்று வரிகளைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். 5-ஆம் எண், கெட்டதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் கணக்கு. 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். 199, கம்பி வழியே வரும்போது சிதைந்த தரவு. 199 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள். 5-உம் 197-உம் ஏறினால் தட்டின் மேற்பரப்பே போய்க்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு நிமிடமும் விலை உள்ளது. உள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, வெள்ளத் தண்ணீர் புகுந்திருந்தாலோ, வீட்டுக் கருவிகளுக்கு அங்கே வேலையில்லை. மின்சாரமே கொடுக்காமல், தூசி புகாத ஆய்வகம் உள்ளவர்களிடம் கொண்டுபோக வேண்டும்.

உடம்பு ஓரளவு தாங்கும் என்றால் முதல் வேலை நகல். ஒவ்வொரு கோப்பாக எடுக்கும் நகலைச் சொல்லவில்லை. டிஸ்க்கின் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை, காலி இடம் உட்பட, அப்படியே ஒரு பெரிய பிம்பக் கோப்பாக இன்னொரு டிஸ்க்குக்கு. இதற்கென்றே ஆன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதியது குனு டிடிரெஸ்க்யூ. சாதாரண நகல் நிரல், படிக்க முடியாத செக்டரில் முட்டிக்கொண்டு நிற்கும். மறுபடி மறுபடி முயன்று சாகும் டிஸ்க்கை அங்கேயே சாகடிக்கும். டிடிரெஸ்க்யூ அப்படி மல்லுக்கு நிற்பதில்லை. கடினமான இடம் வந்தால் தாண்டிக் குதித்து, எளிதில் கிடைப்பதையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். பிறகு திரும்பி வந்து, விட்டுப்போன பகுதிகளின் ஓரங்களைத் தட்டிப் பார்க்கும். கடைசியில்தான் ஒவ்வொரு செக்டராகச் சுரண்டும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை, எது பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். அந்த வரைபடத்தைக் கொடுக்க மறக்கவே கூடாது. ஏழு மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி கரண்ட் போனாலும், நின்ற இடத்திலிருந்து தொடர அது ஒன்றே வழி. மழைக்காலத்தில் மாமல்லபுரத்தில் உட்கார்ந்து இந்த வேலை செய்பவருக்கு அதன் அருமை தெரியும்.

எவ்வளவு சிதைந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்பதற்கு இதுவரை நடந்ததிலேயே பெரிய சான்று கொலம்பியா. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரோடு அந்த விண்கலம் சிதறியது. அதில் செனான் வாயுவின் பாகுத்தன்மையை அளந்த சோதனையின் ஹார்ட் டிஸ்க், மாதங்கள் கழித்து, வற்றிய ஏரிப்படுகை ஒன்றில் கருகிய உலோகத் துண்டாகக் கிடைத்தது. ஆன்ட்ராக் நிறுவனத்தின் மினியாபொலிஸ் ஆய்வகத்தினர் தட்டுகளைக் கழுவி, வேறு உடலில் பொருத்தி 99 சதவீதத்தைப் படித்தெடுத்தார்கள். 2008-இல் அந்தச் சோதனையின் முடிவு ஆய்விதழில் வெளியானது. அவர்களுக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று, அந்தக் கணினி பழைய டாஸில் ஓடியது. டாஸ் தரவைச் சிதறடிக்காமல் ஒரே பகுதியில் அடுத்தடுத்து எழுதியிருந்தது. கெட்டுப்போன மேற்பரப்பு பெரும்பாலும் எதுவும் எழுதப்படாத பகுதியாக அமைந்தது.

பிம்பம் கையில் வந்ததும் அசல் டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். பிம்பத்துக்கும் இன்னொரு நகல் எடுத்து, அதில் வேலையைத் தொடங்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'படிக்க மட்டும்' என்று சொல்லி மவுண்ட் செய்தால் எதுவும் எழுதப்படாது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஈஎக்ஸ்டி3-உம் ஈஎக்ஸ்டி4-உம் அப்போதும் ஜர்னலில் பாக்கியிருக்கும் மாற்றங்களைப் பதிவேடுகளில் எழுதிவிடும். ஜர்னலே கெட்டிருந்தால் அந்தக் கேடும் சேர்ந்து எழுதப்படும். 'நோலோட்' என்ற விருப்பத்தையும் சேர்த்தால்தான் கை வைக்காது.

சூப்பர்பிளாக்கே போயிருந்தால் கணினி 'இங்கே கோப்பு முறைமையே இல்லை' என்று சொல்லும், ஃபார்மட் செய்யட்டுமா என்றும் கேட்கும். பதற வேண்டாம். தலைப்பக்கத்தின் நகல்கள் டிஸ்க் முழுவதும் ஆங்காங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. கட்டம் 4096 பைட் என்றால் முதல் நகல் 32768-ஆம் கட்டத்தில், அடுத்தது 98304-இல், பிறகு 163840, 229376 என்று போகும். டிஸ்க்கை 32768 கட்டங்கள் கொண்ட குழுக்களாகப் பிரித்து, முதல் குழுவுக்கும் 3, 5, 7 ஆகியவற்றின் அடுக்குகளாக வரும் குழுக்களுக்கும் ஒவ்வொரு நகல் கொடுத்திருக்கிறார்கள். எஃப்எஸ்சிகேவிடம் இந்த எண்ணைக் கொடுத்து 'இதைத் தலைப்பக்கமாக வைத்துப் பார்' என்று சொல்லலாம். நகல்கள் எங்கே என்று மறந்தால், ஃபார்மட் செய்யும் நிரலையே 'சும்மா சொல், செய்யாதே' என்ற விருப்பத்தோடு கேட்கச் சொல்லி இணையத்தில் எழுதியிருப்பார்கள். அந்த விருப்பத்தின் ஒற்றை எழுத்து விட்டுப்போனால் உண்மையாகவே ஃபார்மட் ஆகிவிடும். எண்களை இங்கேயே எழுதியது அதற்காகத்தான்.

அடுத்து எஃப்எஸ்சிகேவை 'எல்லாவற்றுக்கும் இல்லை' என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். எதையும் எழுதாமல், தான் கேட்டிருக்கக்கூடிய எல்லாக் கேள்விகளையும் பட்டியலாகத் தரும். அதை ஒரு கோப்பில் சேமித்து, நிதானமாகப் படிக்க வேண்டும். புகார் சொல்லப்படும் ஐனோடுகள் சிலவே என்றால் பயமில்லை. ஆயிரக்கணக்கில் அடுத்தடுத்த எண்களாக வந்தால், ஐனோடு அட்டவணையின் ஒரு பகுதியே போயிருக்கிறது என்று பொருள். அங்கே ஒய் சொல்வது பேரழிவு. இந்த நிலையில் நான் நம்புவது டீபக்எஃப்எஸ் என்ற கருவியை. தானாக எதையும் எழுதாது. கோப்பு முறைமையை மவுண்ட் செய்யாமலே கோப்புறைகளுக்குள் நுழைந்து பார்க்கலாம், கண்ணில் படுவதை அப்படியே வெளியே நகலெடுத்துக்கொள்ளலாம். எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்து முடித்த பிறகு எஃப்எஸ்சிகேவுக்குச் சம்மதம் சொல்லலாம். அது ஒன்றிரண்டு கோப்புறைகளை மீட்டுத் தந்தால் லாபம்.

பதிவேடுகள் எல்லாமே போய்விட்டால்? கட்டங்களை நேராகப் படிக்க வேண்டியதுதான். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் இதைச் செய்கிறது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216, 255 என்ற மூன்று பைட்டுகளோடு தொடங்கும், 255, 217 என்று முடியும். டிஸ்க்கின் ஒவ்வொரு கட்டத்தின் முகத்தையும் பார்த்துக்கொண்டே போய், இந்தத் தொடக்கம் தெரிந்தால் அங்கிருந்து வெட்டி எடுக்கும். படம் அடுத்தடுத்த கட்டங்களில் இருந்தால் முழுதாகக் கிடைக்கும். கொலம்பியாவுக்குக் கைகொடுத்த அதே காரணம். துண்டு துண்டாகக் கிடந்தால் மேல்பாதி மணமேடையும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமுமாக வரும்.

தமிழ் எழுத்துக் கோப்புகளுக்கு இந்த இடத்தில் ஒரு தனிச் சங்கடம். டிஸ்க்கின் கச்சாத் தரவிலிருந்து படிக்கக்கூடிய சொற்களைப் பொறுக்க 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற கருவியைத்தான் எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். அது வழக்கமாகத் தேடுவது ஆங்கில எழுத்துகளையும் எண்களையும்தான். தமிழ்க் கதை ஒன்று முழுதாகக் கிடந்தாலும் அதன் கண்ணில் படாது. யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175, வேறு எதுவும் வராது. 'அ' என்பது 224, 174, 133. உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனிக் குறியீடு என்பதால் 'மாமல்லபுரம்' என்ற சொல் 11 குறியீடுகளாகி 33 பைட் பிடிக்கிறது. ஆகவே 224-ஐத் தொடர்ந்து 174 அல்லது 175 என்ற இணை மூன்று பைட்டுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும் கட்டம் எதுவானாலும் அது ஏறக்குறைய உறுதியாகத் தமிழ் உரை. இவ்வளவு துல்லியமான அடையாளம் ஆங்கில உரைக்குக் கிடையாது.

நடைமுறையில் இதைவிட எளிய வழி உண்டு. கோப்பில் நிச்சயம் இருக்கும் ஒரு சொல்லை, ஊர்ப் பெயரையோ ஆள் பெயரையோ, 'கிரெப்' கருவியிடம் தமிழிலேயே கொடுத்துப் பிம்பம் முழுவதிலும் தேடச் சொல்லலாம். எத்தனையாவது பைட்டில் கிடைத்தது என்றும் அது சொல்லும். பகிர்வின் தொடக்கத்திலிருந்து எண்ணி 4096-ஆல் வகுத்தால் கட்ட எண் வந்துவிடும். அந்தக் கட்டம் எந்த ஐனோடுக்குச் சொந்தம் என்று டீபக்எஃப்எஸ்சிடம் கேட்கும் கட்டளையின் பெயர் ஐசெக். அந்த ஐனோடுக்கு என்ன பெயர் என்று கேட்பது என்செக். பெல் ஆய்வகத்தின் பழைய நிரல்களின் பெயர்கள் இங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன.

பழைய ஆவணங்களில் இது பலிக்காது. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன்னும், பல கடைகளில் பின்னும், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் ஏராளம். அவற்றில் இருப்பது தமிழ்க் குறியீடே அல்ல, ஆங்கில விசைகளின் குறியீடு. அந்தச் சொல்லை எந்த விசைகளால் அடித்தார்களோ அதே விசைகளால்தான் தேட வேண்டும். இப்போதைய வேர்டு கோப்புகள் உள்ளே சுருக்கி அடைக்கப்பட்டவை என்பதால் எந்தச் சொல்லைத் தேடினாலும் கிடைக்காது, கோப்பை முழுதாக மீட்ட பிறகே திறந்து பார்க்க முடியும். அச்சகங்களும் ஆவண எழுத்தர்களும் வைத்திருக்கும் பழைய டிஸ்க்குகளில் தமிழ் எழுத்தின் ஒரு தலைமுறையே இப்படிக் கிடக்கிறது. மீட்புக் கருவி எழுதுபவர்களில் தமிழர்கள் இன்னும் கூடினால்தான் இதற்கு விடிவு.

எஸ்எஸ்டி பற்றிச் சுருக்கமாக. அழித்த கோப்பின் கட்டங்கள் இனி வேண்டாம் என்று இயங்குதளம் அதற்கு 'டிரிம்' என்ற கட்டளையில் சொல்லிவிடும். பிறகு அவற்றைப் படித்தால் பெரும்பாலும் பூஜ்ஜியங்களே வரும். தவறாக அழித்துவிட்டால் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் அவகாசம் எஸ்எஸ்டியில் கிடையாது. உடனே அணைத்துவிட வேண்டும்.

கணக்கு முழுக்க நேராக இருந்தும் உள்ளடக்கம் கெட்டிருக்கலாம் என்பது கற்பனை அல்ல. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் விஜயன் பிரபாகரனும் சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கோப்பு முறைமைகளுக்கு வேண்டுமென்றே கெட்ட செக்டர்களைக் கொடுத்து எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்தார்கள். எழுதுவது தோற்றுப்போனதைக்கூட ஈஎக்ஸ்டி3 பல இடங்களில் கண்டுகொள்ளாமல் நகர்ந்தது. 2008-இல் லட்சுமி பைரவசுந்தரம் குழுவினர் 15.3 லட்சம் டிஸ்க்குகளின் 41 மாதப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். டிஸ்க் 'சரியாகப் படித்தேன்' என்று கொடுத்த தரவு, முன்பு எழுதிய சரிபார்ப்பு எண்ணோடு பொருந்தாமல்போன நிகழ்வுகள் 4 லட்சத்துக்கும் மேல். இப்படிப்பட்ட சிதைவை எஃப்எஸ்சிகே எத்தனை முறை ஓடினாலும் பார்க்காது. ஈஎக்ஸ்டி4 இன்றும் பதிவேடுகளுக்கு மட்டும்தான் சரிபார்ப்பு எண் வைக்கிறது. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகியவை உள்ளடக்கத்துக்கும் வைக்கின்றன. படங்களைத் தொழிலாக வைத்திருப்பவர்கள், நகல் டிஸ்க்குக்காவது இவற்றில் ஒன்றைப் பயன்படுத்துவது நல்லது.

மீட்பு முடிந்ததும் மிஞ்சுவது பெயரில்லாத கோப்புகளின் குவியல். எஃப் என்ற எழுத்தும் ஒரு செக்டர் எண்ணும் சேர்த்து ஃபோட்டோரெக் வைத்த பெயர்கள். 'ஃபைல்' என்ற கட்டளை எது படம், எது பிடிஎஃப் என்று பிரித்துத் தரும். கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதிவைக்கும் தேதியையும் நேரத்தையும் கொண்டு எக்சிஃப்டூல் பெயர் மாற்றித் தரும். கேமராவின் கடிகாரம் சரியாக வைக்கப்பட்டிருந்தால் எந்த முகூர்த்தம் என்பது வரை தெரிந்துவிடும். இதில் ஸ்டுடியோக்காரர்கள் கவனிக்க வேண்டியது, அந்தப் படத்துக்குள்ளேயே பெரும்பாலும் 160-க்கு 120 புள்ளி அளவில் ஒரு குட்டிப் படமும் இருக்கிறது, தனக்கென ஒரு 255, 216, 255 தொடக்கத்தோடு. பெரிய படம் பாதியில் அறுந்திருந்தாலும், கோப்பின் தொடக்கத்திலேயே இருப்பதால் குட்டிப் படம் தப்பிவிடும். ஃபோட்டோரெக் அதைத் தனியாக எடுத்து, 'டி' என்ற எழுத்தில் தொடங்கும் பெயரில் வைக்கும். குப்பை என்று அவற்றை அழித்துவிடாதீர்கள். யாருடைய கல்யாணம், எந்தச் சடங்கு என்று வீட்டுக்காரர்களை உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னால், எந்தப் படத்தின் மீதிப் பாதிக்காகப் பிம்பத்தை இன்னொரு முறை தோண்ட வேண்டும் என்பதை அவர்களால்தான் சொல்ல முடியும்.